எச்.எஸ்.ஆர்.பி. நம்பர் பிளேட்: ஸ்டாண்டில் டோக்கன் போடுகிறவள் எழுதும் விமர்சனம்

போன், மிக்ஸி, மெத்தை எல்லாவற்றுக்கும் விமர்சனம் எழுதுகிறார்கள். நம்பர் பிளேட்டுக்கு யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. கடையில் பார்த்துப் பொறுக்கி வாங்கும் சாமான் இல்லை, வண்டியோடு வந்துவிடுகிறது, அதனால் இருக்கலாம். எனக்கு அதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. மதுரையில் ஒரு டூவீலர் ஸ்டாண்டில் டோக்கன் போடுகிறேன். காலையில் ரயிலைப் பிடிக்க வருகிறவர் வண்டியை ஸ்டாண்டு போடுவதற்குள் நான் நம்பரைப் படித்து, சீட்டில் எழுதி, பாதியைக் கிழித்து அவர் கையில் கொடுத்திருக்க வேண்டும். "அக்கா, சீக்கிரம்க்கா, டிரெயின் வந்துருச்சு" என்று அவர் ஒரு பக்கம் தவிப்பார், அவருக்குப் பின்னால் வரிசை கேட் வரைக்கும் நிற்கும். ஒரு எழுத்தை மாற்றி எழுதிவிட்டால் சாயங்காலம் வண்டி எடுக்கும்போது மல்லுக்கட்டுதான். அதனால் ஒரு பிளேட் நல்ல பிளேட்டா இல்லையா என்பதை டிராபிக் போலீஸ்காரர் வேண்டுமானால் என்னைவிட நன்றாகச் சொல்லலாம். வேறு யாருக்கும் அந்தப் பாத்தியதை கிடையாது.

நான் எழுதப்போவது எச்.எஸ்.ஆர்.பி. என்கிற உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டைப் பற்றி. 2019 ஏப்ரல் 1 முதல் தயாராகும் எந்த வண்டி வாங்கினாலும் இதுதான் வரும். வண்டிக் கம்பெனியே பிளேட்டைக் கொடுக்க வேண்டும், ஷோரூமில் மாட்டித் தர வேண்டும் என்று 2018 டிசம்பரில் மத்திய அரசு விதியைத் திருத்தியது. ஆனால் இந்த பிளேட் 2001-லேயே விதிப்புத்தகத்தில் ஏறிவிட்டது. புத்தகத்திலிருந்து இறங்கி எல்லாப் புது வண்டியிலும் உட்கார இத்தனை வருஷம். நம் நாட்டு வேகம் தெரிந்ததுதானே. என்னிடம் முன்பு இருந்தது ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டிய தகர பிளேட்டோடு ஒரு பழைய மொபெட். இப்போது வைத்திருப்பது எச்.எஸ்.ஆர்.பி. மாட்டிய ஸ்கூட்டர். ஸ்டாண்டிலும் இரண்டு வகையும் கலந்துதான் நிற்கின்றன. ஆகவே ஒப்பிட்டுப் பார்க்க எனக்குத் தனியாகச் சோதனை எதுவும் வைக்க வேண்டியதில்லை.

பிளேட்டைக் கையில் வாங்கினால் முதலில் தெரிவது அதன் எடைக்குறைவு. 1 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு, அவ்வளவுதான். மூலைகளை உருட்டிவிட்டிருப்பதால் துடைக்கும்போது கை கிழியாது. எழுத்துகள் ஒட்டியவை இல்லை. தகட்டையே அழுத்திப் புடைக்க வைத்து, அந்தப் புடைப்பின் மேல் சூடாகக் கறுப்புப் படலம் பதித்திருக்கிறார்கள். வெயிலில் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தால் கறுப்புக்குள் 'இந்தியா' என்று ஆங்கிலப் பொடி எழுத்துகள் 45 டிகிரி சாய்வில் வரிசையாக ஓடுவது தெரியும். இடது பக்கம் மேலே 20 மில்லிமீட்டர் சதுரத்தில் அசோகச் சக்கர ஹாலோகிராம். அதற்குக் கீழே நீல நிறத்தில் நாட்டின் பெயர்ச் சுருக்கம். இடது அடியில் லேசரில் பொறித்த ஒரு நிரந்தர எண். இந்த லேசர் எண் முன் பிளேட்டுக்கு ஒன்று, பின் பிளேட்டுக்கு வேறொன்று. இரண்டும் உங்கள் வண்டியின் கணக்கில் 'வாகன்' என்கிற அரசுப் பதிவேட்டில் ஏறியிருக்கும். யாராவது இதே மாதிரி ஒரு பிளேட்டை அடித்து மாட்டிக்கொண்டு திரிந்தால் தூரத்திலிருந்து பார்க்கிறவரை ஏமாற்றலாம். கிட்டத்தில் நிறுத்தி லேசர் எண்ணைத் தட்டிப் பார்த்தால் அகப்பட்டுக்கொள்வார்.

எனக்கு இந்தப் பாதுகாப்புச் சமாச்சாரமெல்லாம் அப்புறம்தான். நான் பார்ப்பது எழுத்தை. அதில் இந்த பிளேட் எனக்குக் கொடுத்த நிம்மதியைச் சொல்லி மாளாது.

காரணம் என்னவென்றால், எல்லா வண்டியிலும் ஒரே அச்சு. '8' என்றால் எல்லா பிளேட்டிலும் ஒரே '8'. ஸ்டிக்கர் கடையில் அப்படி இல்லை. ஒரு கடையில் ஒல்லி எழுத்து, ஒரு கடையில் குண்டு எழுத்து, இன்னொரு கடையில் கம்ப்யூட்டரில் இருக்கிற அத்தனை வளைவு நெளிவும். ஆங்கில 'பி'யும் எட்டும் ஒன்றாகத் தெரியும். 'டி'யும் சுழியமும் ஒன்றாகத் தெரியும். 'ஜி'யும் ஆறும் அண்ணன் தம்பி. நல்லவேளையாக 'ஐ', 'ஓ' என்கிற இரண்டு எழுத்தும் நம் பதிவு வரிசையில் வராது. ஒன்றோடும் சுழியத்தோடும் குழம்பும் என்று ஒதுக்கிவிட்டார்கள். அதை யோசித்துச் செய்த ஆள் எங்கேயாவது ஒரு ஸ்டாண்டில் டோக்கன் போட்டிருக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

நம்பரை வைத்து விளையாடுகிறவர்கள் தனி ரகம். 8055 கிடைத்தவர் அதை 'பாஸ்' என்று படிக்கும்படி ஆங்கிலத்தில் வளைத்து எழுதிக்கொண்டு வருவார். எங்கள் பக்கத்தில் அதைவிட அதிகம் ஜல்லிக்கட்டுக் காளை. பிளேட்டின் நடுவில் காளை பாயும், கொம்பு போய் 7-ஐக் குத்திக்கொண்டு நிற்கும், அது 7-ஆ 1-ஆ என்று நான் குனிந்து பார்க்க வேண்டும். "தம்பி, காளைக்கு டோக்கன் போடவா, வண்டிக்குப் போடவா" என்று கேட்டால் சிரிப்பார்கள், மாற்ற மாட்டார்கள். ஒரு வாத்தியார் தமிழ் எண்களில் எழுதிய பிளேட்டோடு வந்துகொண்டிருந்தார். "௫௭ என்று போட்டிருக்கிறேன், படிங்கம்மா பார்ப்போம்" என்பார். எனக்குப் படிக்கத் தெரியும், ஆசையாகவும் இருந்தது. ஆனால் மத்திய மோட்டார் வாகன விதி 50 எழுத்து ஆங்கிலத்திலும் எண்கள் 1, 2, 3 என்ற வடிவிலும்தான் இருக்க வேண்டும் என்கிறது. வண்டி திருடுபோய் ஒசூர் தாண்டிப் போனால் அங்கே இருக்கிறவர் ௫-ஐப் பார்த்து என்ன செய்வார்? வாத்தியாரிடம் இதைச் சொன்னேன். "அதுவும் சரிதான்" என்றார். அடுத்து வாங்கிய வண்டியில் எச்.எஸ்.ஆர்.பி. வந்துவிட்டதால் விவாதம் அதோடு முடிந்தது.

எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பது விதி 51. இதைச் சொன்னால் நம்பாதவர்கள் ஸ்கேல் வைத்து அளந்து பார்க்கலாம். இருசக்கர வண்டியின் பின்பக்கம் எழுத்து 35 மில்லிமீட்டர் உயரம், எண் 40 மில்லிமீட்டர், கோட்டின் தடிமன் 7, எழுத்துக்கு எழுத்து இடைவெளி 5. கார், லாரிக்கு உயரம் 65, தடிமன் 10, இடைவெளியும் 10. படிக்கிறவர் கண்ணுக்கு இந்த மூன்றில் அதிகம் வேலை செய்வது இடைவெளிதான் என்பது என் அனுபவம். எழுத்து கொஞ்சம் சின்னதானாலும் சமாளிக்கலாம், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் முடியாது. ஸ்டிக்கர் கடைகளில் எல்லோரும் எண்ணைப் பெரிதாகக் கேட்பார்கள், எழுத்தை ஒரு மூலையில் எறும்பு சைஸில் ஒதுக்குவார்கள். டி.என். 58, 59, 64 மூன்றும் மதுரைதான். அதைத் தவிர திண்டுக்கல் 57, தேனி 60, சிவகங்கை 63, ராமநாதபுரம் 65, விருதுநகர் 67 என்று சுற்று வட்டாரமே எங்கள் ஸ்டாண்டுக்கு வரும். கடைசி நாலு எண் ஒன்றாக இருக்கும் இரண்டு வண்டி ஒரே வரிசையில் நிற்பது அபூர்வம் இல்லை. அந்த எறும்பு எழுத்துதான் அப்போது வேண்டியிருக்கும்.

இவ்வளவு புகழ்ந்ததால் முன் பிளேட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது போதாது. பின்னால் 200-க்கு 100 மில்லிமீட்டரில் இரண்டு வரியாக, மேலே மாநிலமும் ஆர்.டி.ஓ. எண்ணும், கீழே மீதியும் என்று தெளிவாக இருக்கிறது. முன்னால் பல வண்டிகளில் 285-க்கு 45 மில்லிமீட்டர் அளவில் ஒரே வரியாக ஒரு பட்டை. அதில் எழுத்து உயரம் 30, தடிமன் வெறும் 5. அகலத்தை மிச்சம் பிடிக்க எழுத்துகள் நெருங்கி உட்கார்ந்திருக்கும். எங்கள் ஸ்டாண்டில் வண்டிகள் சுவரைப் பார்த்து அல்ல, வழியைப் பார்த்து நிற்கும். எடுக்கிறவர்களுக்கு அதுதான் வசதி. அதாவது சாயங்காலம் தேடும்போது எனக்குத் தெரிவது முன் பட்டைதான். நாலடி தூரம் வரை பிரச்சினை இல்லை. வரிசையின் அந்தக் கோடியில் நிற்கும் வண்டியை இங்கிருந்து படிக்கச் சொன்னால் முடியாது. சில ஸ்கூட்டர்களில் முன்னாலும் 200-க்கு 100 பலகையே மாட்டுகிறார்கள். அழகு போய்விடுகிறது என்று பையன்கள் முகத்தைச் சுளிக்கிறார்கள். என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் அதையே மாட்டுங்கள் என்பேன்.

இனி ராத்திரி. இதில்தான் பழைய பிளேட்டும் புது பிளேட்டும் பிரிகின்றன. எச்.எஸ்.ஆர்.பி.யின் வெள்ளைப் பரப்பு வெறும் பெயின்ட் இல்லை, ஒளியை வந்த வழியிலேயே திருப்பி அனுப்புகிற தாள். சாதாரணப் பரப்பில் வெளிச்சம் பட்டால் நாலாபக்கமும் சிதறும். இது உங்கள் டார்ச்சிலிருந்து போனதை உங்கள் டார்ச்சுக்கே திருப்புகிறது. இதை ஸ்டாண்டில் நானே கவனித்துக் கண்டுபிடித்தேன்: டார்ச்சை இடுப்பில் வைத்துக்கொண்டு அடித்தால் பிளேட் சுமாராகத்தான் தெரியும், அதையே காதுக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்தால் பலகை பளிச்சென்று எரிந்து கறுப்பு எழுத்து தனியாக எழுந்து நிற்கும். திரும்பி வருகிற ஒளி கண்ணுக்குப் பக்கத்தில் வர வேண்டும், அவ்வளவுதான் ரகசியம். காரோட்டிக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை, அவருடைய ஹெட்லைட்டும் கண்ணும் ஏறக்குறைய ஒரே திசையில்தான் இருக்கின்றன. இப்போது ராத்திரி ரயிலில் வந்து இறங்குகிறவர் "அக்கா, என் வண்டி எங்க நிக்குதுன்னு தெரியல" என்றால் ஒரே வீச்சில் வரிசை முழுக்கக் காட்டிவிடுவேன்.

அதற்காக பிளேட்டுக்கு மேல் இருக்கிற குட்டி விளக்கை மறந்துவிடக் கூடாது. பின் பிளேட்டை வெள்ளை வெளிச்சத்தில் காட்டும் விளக்கு வேண்டும், 15 மீட்டர் தூரத்திலிருந்து நம்பரைப் படிக்க முடிய வேண்டும் என்பது விதி 105. பின்னால் நடந்து வருகிறவரிடம் ஹெட்லைட்டும் இல்லை டார்ச்சும் இல்லை. இடித்துவிட்டு ஓடுகிற வண்டியின் நம்பரை அவர் அந்தக் குட்டி விளக்கை நம்பித்தான் படிக்க வேண்டும். எங்கள் ஸ்டாண்டில் ராத்திரி உள்ளே வருகிற பழைய வண்டிகளில் அது எரிகிறவற்றைப் பார்த்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கும். பல்பு மாற்ற என்ன செலவாகிவிடப் போகிறது, தெரியவில்லை. ஹாரனுக்கு மட்டும் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொள்வார்கள்.

இதே பளிச்சென்று எரிவது ஒரு இடத்தில் மட்டும் காலை வாருகிறது. எங்கள் கேட்டில் இருக்கிற மலிவு சிசிடிவி, ராத்திரியில் தன் இன்ஃப்ராரெட் வெளிச்சத்தை அடித்துப் பார்க்கும். கிட்டத்தில் வருகிற எச்.எஸ்.ஆர்.பி. அதில் எழுத்தே இல்லாத வெள்ளைச் சதுரமாக விழுகிறது. பழைய அழுக்கு ஸ்டிக்கர் பிளேட் அதே கேமராவில் ஓரளவு தெரிகிறது! முதலில் இது பிளேட்டின் குறை என்று முதலாளி சண்டைக்குப் போனார். கேமரா மாட்ட வந்த பையன் அதன் வெளிச்சத்தைக் குறைத்து, கோணத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிவைத்ததும் எழுத்து வந்துவிட்டது. நம்பர் படிப்பதற்கென்றே செய்த கேமராக்கள் இதைக் கணக்கில் வைத்துத்தான் படம் எடுக்கின்றன, அவற்றுக்கு இந்தத் தாள் வரப்பிரசாதம். எங்களுக்கு இப்போது கையில் பிடிக்கிற மெஷினும் வந்திருக்கிறது. பிளேட்டை நோக்கிக் காட்டினால் தானே படித்து டோக்கன் அடிக்கும். எச்.எஸ்.ஆர்.பி. என்றால் காட்டிய மாத்திரத்தில் சரியாகப் படிக்கிறது. காளை மாடு பிளேட்டைக் காட்டினால் ஏதேதோ சொல்கிறது, கையால் தட்ட வேண்டியிருக்கிறது. மெஷின் படிக்காததை நான் படித்துவிடுகிறேன் என்பதில் எனக்கு ஒரு சின்ன கர்வம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

பொருளைப் பற்றி இவ்வளவு. மாட்டிக்கொடுத்த சேவையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த விமர்சனம் பாதிதான்.

ஷோரூமின் பெயர் வேண்டாம். பதிவு செய்யாமல், குறைந்தபட்சம் தற்காலிகப் பதிவாவது இல்லாமல், வண்டியை வாங்கினவர் கையில் கொடுக்கவே கூடாது என்பது விதி 42. "பிளேட் வரட்டும், நம்பர் போட்ட பிறகு எடுத்துக்கொள்கிறேன்" என்று நான் சொன்னதற்கு என்னவோ நான் சகுனம் பார்க்கிற மாதிரி சிரித்தார்கள். சரி, வந்தது. போய்ப் பார்த்தால் பின் பிளேட்டைச் சுற்றி ஒரு கறுப்பு பிளாஸ்டிக் சட்டம். சட்டத்தின் அடிப்பட்டையில் கொட்டை எழுத்தில் ஷோரூம் பெயரும் போன் நம்பரும். அந்தப் பட்டை பிளேட்டின் கீழ் விளிம்பில் ஏறி உட்கார்ந்து லேசர் எண்ணில் பாதியை மூடிவிட்டது. அரசாங்கம் பொறிக்கச் சொன்ன எண் தெரியவில்லை, இவர்கள் போன் நம்பர் ஜோராகத் தெரிகிறது. "இதைக் கழற்றுங்க" என்றால், "மேடம், இது கம்ப்ளிமென்ட், ஃப்ரீ" என்கிறார் அந்த டை கட்டிய தம்பி. என் வண்டியில் அவர்கள் விளம்பரத்தை நான் சுமப்பது எனக்கு இலவசமாம்.

சங்கடம் என்னவென்றால் பின் பிளேட்டைச் சாதாரண ஸ்குரூ போட்டு மாட்டுவதில்லை. ஸ்னாப் லாக் என்று ஒன்று, ஒருமுறை அழுத்திப் பூட்டினால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும், எடுத்தால் மறுபடி பயன்படாது. திருடன் கழற்றி வேறு வண்டியில் மாட்டக் கூடாது என்பதற்கான ஏற்பாடு, நல்ல ஏற்பாடு. ஆனால் மாட்டுகிறவர் கோணலாக மாட்டினாலும் அதே பூட்டுதான் அதைக் காப்பாற்றும். ஆகவே பூட்டை அழுத்துவதற்கு முன்னால் பக்கத்தில் நின்று பாருங்கள். ஆர்.சி.யில் உள்ள நம்பரும் இரண்டு பிளேட்டில் உள்ள நம்பரும் ஒன்றா, பிளேட் நிமிர்ந்து நிற்கிறதா, சட்டம் எதுவும் எதையும் மூடவில்லையா என்று பார்த்த பிறகு "ம், அழுத்துங்க" என்று சொல்லுங்கள். என் முன் பிளேட்டை வானத்தைப் பார்க்கிற மாதிரி மாட்டியிருந்தார்கள். ஆகாயத்தில் போகிறவருக்குத்தான் அது தெரியும்.

அன்று எனக்கு உதவியது சர்வீஸ் பக்கம் உட்கார்ந்திருந்த வயதான மெக்கானிக் ஒருவர். நான் சத்தம் போட்டதைக் கேட்டு எழுந்து வந்தார். "இங்க குடும்மா" என்று சொல்லி, பிளாஸ்டிக் சட்டத்தைக் கட்டரால் நாலாக நறுக்கி, பூட்டைத் தொடாமலே உருவி எடுத்தார். முன் பிராக்கெட்டை வளைத்து நிமிர்த்தினார். டை கட்டிய தம்பி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவருக்கு டீக்குக் காசு கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார்.

நீடித்து உழைக்குமா என்றால், தகடும் தாளும் உழைக்கும். பிரதிபலிக்கிற தாளுக்குக் குறைந்தது 5 வருஷ உத்தரவாதம் இருக்க வேண்டும் என்று விதியிலேயே போட்டிருக்கிறது. கறுப்புப் படலத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை. ஸ்டாண்டில் சில வருஷம் ஓடிய எச்.எஸ்.ஆர்.பி. வண்டிகளைப் பார்க்கிறேன். புடைத்த எழுத்தின் ஓரங்களில் நகப்பூச்சு உரிவதுபோல கறுப்பு உரிந்து அலுமினிய வெள்ளை எட்டிப்பார்க்கிறது. தண்ணீரைப் பீய்ச்சியடிக்கிற வாட்டர் சர்வீஸும், கம்பி நார் போட்டுத் தேய்க்கிற உற்சாகமும் இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். மெல்லிய துணியும் சோப்புத் தண்ணீரும் போதும். உரிந்த இடத்தில் மார்க்கர் பேனாவால் தீட்டிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. 3-ஐ 8 ஆக்கிவிடாமல் இருக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டுக்கொள்வேன். தொலைந்துபோனால் போலீஸில் புகார் கொடுத்து, அந்த நகலோடு ஷோரூம் வழியாகப் புது பிளேட் கேட்க வேண்டும். ஸ்டிக்கர் காலத்தில் கடையில் 200, 300 ரூபாய் கொடுத்தால் அரைமணி நேரத்தில் கிடைத்தது என்று ஏங்குகிறவர்கள், அதே அரைமணி நேரத்தில் உங்கள் நம்பரை வேறு யாரும் எழுதி வாங்கிக்கொள்ள முடிந்தது என்பதையும் சேர்த்து நினைத்துப் பார்க்கலாம்.

மின்சார வண்டிகளின் பச்சை பிளேட் பற்றி ஒரு வரி. பச்சையில் வெள்ளை எழுத்து, பகலில் கண்ணுக்கு இதம். அந்திக் கருக்கலில் வெள்ளை பிளேட் அளவுக்கு எடுப்பாக இல்லை. அதே பச்சையில் மஞ்சள் எழுத்து வாடகை வண்டிகளுக்கு. எங்கள் ஸ்டாண்டுக்கு அதிகம் வராததால் அதற்கு நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

இத்தனை நல்ல பிளேட்டை வைத்துக்கொண்டு அதை மறைப்பதற்கு ஜனங்கள் படுகிற பாட்டைப் பார்த்தால்தான் எனக்கு ஆத்திரம் வரும். பின் மட்கார்டோடு சேர்த்து பிளேட்டை உள்பக்கம் மடக்கிவிடுகிறார்கள், கேமராவில் விழாதாம். கடைசி எண்ணில் கறுப்பு டேப் ஒட்டுகிறார்கள். ஒரு கட்சிக்காரர் முன்னால் கட்டிய கொடி பிளேட் மேல் தழைந்து தொங்கும். கறுப்பு நிற பிளாஸ்டிக் கண்ணாடி போட்டு மூடுகிறவர் "தூசி படாம இருக்கத்தான்க்கா" என்பார். எங்கள் வீட்டம்மாக்கள் பின்னால் தொங்கவிடுகிற காய்கறிப் பையில் கெட்ட எண்ணம் கிடையாது, ஆனாலும் பிளேட் தெரியவில்லை என்பது தெரியவில்லைதான். எச்.எஸ்.ஆர்.பி. மாட்டிவிட்டேன், சட்டம் முடிந்தது என்று நினைப்பது தப்பு. மாட்டியிருப்பது ஒன்று, மற்றவர் படிக்கும்படி இருப்பது இன்னொன்று. விதி இரண்டையும் கேட்கிறது. வேறு தனி தண்டனை சொல்லாத விதிமீறல்களுக்கான மோட்டார் வாகனச் சட்டம் 177-ஆம் பிரிவில் முதல் தடவை 500 ரூபாய் வரை, மறுபடி பிடிபட்டால் 1,500 வரை அபராதம். சென்னையில் 2024 மே 2 முதல், பிரஸ், போலீஸ், வக்கீல் என்று அனுமதியில்லாமல் வண்டியில் ஒட்டுகிற ஸ்டிக்கர்கள் மேல் டிராபிக் போலீஸ் நடவடிக்கை எடுக்க ஆரம்பித்தது. நம்பர் பிளேட்டில் ஒட்டியதும் அதில் சேர்த்தி. அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் ஸ்டாண்டில்கூட சில வண்டிகளில் ஸ்டிக்கர் இருந்த இடம் பசையோடு வெறிச்சென்று இருந்தது. அவற்றில் எத்தனை பேர் நிஜமாகவே வக்கீல் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மடக்கின பிளேட்டோடு வருகிறவர்களுக்கு ஸ்டாண்டில் நான் வைத்திருக்கிற சட்டம் எளிது. "நிமித்துங்க தம்பி, அப்பத்தான் டோக்கன்." ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் நிமிர்த்துவார்கள். போலீஸுக்கு இல்லாத அனுகூலம் இது.

யாருக்கு இதைச் சிபாரிசு செய்வது என்று எழுத வழியில்லை, புது வண்டி வாங்கினால் இதுதான். பழைய வண்டி வைத்திருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: உங்கள் ஸ்டிக்கர் பிளேட்டாக இருந்தாலும் விதி 51-இன் அளவில், வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தில், படமும் பட்டப்பெயரும் இல்லாமல் எழுதச் சொல்லுங்கள். ஸ்டிக்கர் கடைக்காரர்களுக்கு அந்த அளவெல்லாம் மனப்பாடம். நீங்கள் கேட்டால் அப்படியே வெட்டித் தருவார்கள், கேட்கிற ஆள்தான் இல்லை என்று எங்கள் தெருமுனைக் கடை அண்ணன் சொல்கிறார்.

பின் பிளேட்டுக்கு ஐந்தில் நாலரை நட்சத்திரம். அரை குறைத்தது கறுப்பு உரிவதற்காக. முன் பட்டைக்கு மூன்று. மாட்டிக்கொடுத்த ஷோரூமுக்கு ஒன்று, அதையும் அந்த மெக்கானிக் பெரியவர் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.